கொசுறுக் காற்று

அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது எனக்கு ஏழு வயது. அறுபதுகளின் நடுப்பகுதி. பூண்டியில் எங்களுக்கு வெள்ளைப்பூண்டுக் காடு இருந்தது. அந்தக் காட்டில் பூண்டு விளைந்ததைவிட அப்பாவின் சுருட்டுப் புகை விளைந்ததுதான் அதிகம் என்பாள் அம்மா. குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்று கோடைக்கானல் ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்தார்கள். வயிறு பிழைத்துக்கொண்டது, மூச்சுதான் தகராறு செய்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஆளுயரச் சிலிண்டர் ஒன்றை நிறுத்தி, மூக்கில் ரப்பர் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். சிலிண்டரின் தலையில் கோடு போட்ட கண்ணாடிக் குழல். அதற்குள் சுண்டைக்காய் அளவில் ஒரு குண்டு. எவ்வளவு காற்று போகிறது என்று காட்டுவது அதன் வேலை.

"இந்தக் குண்டு மொதக் கோட்டுலயே நிக்கணும். டாக்டர் பாத்து வச்சது. யாரும் தொடக் கூடாது," என்றார் நர்ஸம்மா.

மேலே இன்னும் பல கோடுகள் சும்மா கிடந்தன. அவை அத்தையின் கண்ணை உறுத்தின. அத்தை அப்பாவின் தங்கை. கோடைக்கானல் பஜாரில் பூண்டும் காரட்டும் விற்றவள். தராசுத் தட்டு தாழ்ந்த பிறகும் கையள்ளி ஒரு கொசுறு போடாவிட்டால் அவளுக்கு வியாபாரம் முடியாது. சரியாக எடை போடுகிறவர்களைக் கஞ்சப்பயல்கள் என்றுதான் சொல்வாள்.

அப்பாவோ மூச்சு வாங்க, உதடு நீலம் பாரித்து, கண்ணில் பட்டவரையெல்லாம் ஏசிக்கொண்டிருந்தார். போர்த்தினால் புழுக்கம் என்றார். எடுத்தால் குளிர் என்றார்.

"மதுரையில இருந்து லாரியில மலையேறி வர்ற காத்துல்ல மதினி, அதான் இம்புட்டு இறுக்கிப் பிடிக்கிறாங்க. உசுருக்குத் தவிக்கிற மனுசனுக்குச் சொட்டுச் சொட்டாவா குடுப்பாங்க?" என்றாள் அத்தை.

"வேணாம்த்தா, நர்ஸம்மா வையும்," என்றாள் அம்மா.

அம்மா துணி அலசப் போனதும் அத்தை எழுந்து சிலிண்டரின் திருகைத் திருப்பினாள். குண்டு துள்ளிக்கொண்டு மேலே ஏறியது.

கொஞ்ச நேரத்தில் அப்பாவின் உதட்டில் சிவப்பு வந்தது. ஏச்சு நின்றது. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக அசந்து தூங்கினார்.

"பாத்தியாடி, ஒரு கை கூடப் போட்டதுக்கே எங்கண்ணன் எம்புட்டு நல்லாத் தூங்குது! எழுப்பிராத. வெரசாக் காப்பி வாங்கிட்டு வாரேன்," என்று என்னிடம் சொல்லிவிட்டு அத்தை தூக்குச்சட்டியோடு கிளம்பினாள்.

அவள் திரும்புவதற்குள் நர்ஸம்மா வந்துவிட்டார். அப்பாவைப் பார்த்தார், குண்டைப் பார்த்தார். பாய்ந்து திருகைக் குறைத்தார். அப்பாவின் கன்னத்தில் அறைந்து, தோளைக் கிள்ளி, "ஐயா, முழிங்க! மூச்சு இழுங்க!" என்று கத்தினார். டாக்டர் ஓடிவந்து, கறுப்பு ரப்பர்ப் பையொன்றை அப்பாவின் முகத்தில் பொருத்தி அமுக்கிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழித்து அப்பா கண்ணைத் திறந்து, பையைத் தள்ளிவிட்டு, டாக்டரையே ஏசினார். அத்தை வாசலில் காப்பியோடு நின்றிருந்தாள்.

டாக்டர் அவளிடம் நிதானமாகத்தான் பேசினார். "வருசக்கணக்காப் புகையில கெட்ட நெஞ்சும்மா. கெட்ட காத்து உள்ளயே தேங்கிக் கெடக்கு. நல்ல காத்து கொஞ்சம் பத்தாக்குறையா இருந்தாத்தான் மூச்சு விடச் சொல்லி உடம்பு முடுக்கும். தாராளமாக் கெடைச்சுட்டா, போதும்னு மூச்சு விடவே மறந்துரும்."

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று ஆள் மாற்றி ஆள் அத்தையிடம் சொன்னார்கள். ஒவ்வொருவரும் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தது போலச் சொன்னார்கள். அப்பா அதற்குப் பிறகு பல வருடம் இருந்தார், ஏசிக்கொண்டேதான். அத்தை அவர் முகம் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டாள். பாவம், அந்தக் குற்றத்தைக் கடைசிவரை அவள் ஒருத்தியே சுமந்தாள்.

அறையில் நானும் இருந்தேன் என்பது பிறகு யாருக்கும் தோன்றவில்லை. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் நூறு வரை எண்ணக் கற்றிருந்தேன். ஏசாத அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. அவர் ஒரு மூச்சு விட்டதும் எண்ணத் தொடங்குவேன். அடுத்த மூச்சு வந்ததும் நிறுத்துவேன். முதலில் ஐந்து வந்தது. பிறகு ஒன்பது. பிறகு பதினான்கு. நர்ஸம்மா கதவைத் திறந்தபோது இருபத்தாறில் இருந்தேன். எப்படியும் நூறைத் தொட்டுவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். வந்து கெடுத்துவிட்டாரே என்று அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.