வாசல் பலகையும் பச்சை விளக்கும்

அம்மாவுக்காக மாமா செய்த முதல் கருவி ராயபுரத்தில் எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. அம்மாவுக்கு மட்டும் கேட்கவில்லை. பெரிய பிஸ்கட் டின்னில் கூழாங்கல்லைப் போட்டு, வாசலில் கயிற்றை இழுத்தால் அது அடுப்படியில் உருளும்படி கட்டியிருந்தார். இழுத்தார். பக்கத்து வீட்டு நாய் பயந்து ஓடியது. அம்மா தன் பாட்டுக்கு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது வந்த விஷக்காய்ச்சலில் அவளுக்குக் காது போய்விட்டது. யார் உள்ளே நுழைந்தாலும் தெரியாதென்று பகலிலும் கதவைத் தாழ் போட்டு வைத்திருப்பாள். அதில் வந்தது வினை. சரக்குக் கப்பலில் கலாசியாக இருந்த அப்பா பத்து மாதம் கழித்து ஒரு மத்தியானம் திரும்பி வந்தார். தட்டித் தட்டிக் கை ஓய்ந்து, டிரங்குப் பெட்டிமேல் வெயிலில் உட்கார்ந்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரமாயிற்றென்று அம்மா தாழைத் திறந்தபோதுதான் அவரைப் பார்த்தாள். அப்பா சிரித்தார். அவள் அன்றைக்குச் சோறு தொடவில்லை.

அப்பா மறுபடி கப்பலேறிப் போனதும் தன் தம்பியான மாமாவைக் கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

“இனிமே அவரு வாசல்ல நிக்கக் கூடாதுடா.”

மாமாவுக்குப் பேசின் பிரிட்ஜ் ரயில் யார்டில் சிக்னல் விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. விளக்கோடு குடித்தனம் நடத்துகிறவருக்கு டின்னில் புத்தி போனதை நினைத்து அவரே தலையில் அடித்துக்கொண்டார். பிறகு வாசலில் ஒரு பலகை போட்டார். அடியில் இரண்டு தகரத் துண்டுகள். பலகையை மிதித்தால் அவை தொட்டுக்கொள்ளும், அடுப்புக்கு மேலே டார்ச் பல்பு எரியும். சிவப்புக் காகிதம் சுற்றினால் பளிச்சென்று தெரியுமே என்று எதிர்வீட்டுக்காரர் யோசனை சொன்னார். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“வூட்டுக்கு வர்ற மனுசனுக்கு சிகப்பு காட்றதா?”

மிட்டாய் சுற்றி வந்த பச்சைக் கண்ணாடிக் காகிதத்தை என்னிடமிருந்து பிடுங்கிப் பல்பில் சுற்றினார். அந்தக் கடனை அவர் தீர்க்கவே இல்லை.

எனக்கு அப்போது ஏழு வயது. விடுமுறை நாளில் பலகையை மிதித்துவிட்டுச் சுவரோரம் ஒளிந்துகொள்வேன். தாழ் விலகும். அம்மா நிற்பாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்து, முன்மயிரை ஒதுக்கி, பொட்டைச் சரிசெய்துகொண்டு வந்திருப்பாள். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்ப்பாள். நான் குதித்து முன்னால் வருவேன். திட்டவே மாட்டாள். அரை மணியில் மறுபடி மிதிப்பேன். மறுபடி அதே பொட்டு, அதே முந்தானை.

அப்பாவின் கடிதங்கள் நின்று ஒரு வருஷம் ஆனபோது, ஒருநாள் மாமா என் விளையாட்டைக் கண்டுபிடித்துவிட்டார். முதுகில் ஒன்று வைத்தார். இந்தக் குரங்கு இருக்கும்வரை விளக்கு உருப்படாது என்று சொல்லி, குறடோடு பலகை அருகே உட்கார்ந்தார். அம்மா ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள். தன் குரல் தனக்கே கேட்காததால் எப்போதும் உரக்கப் பேசுகிறவள், அன்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

“கயிட்டாதடா. கொயந்த மிதிக்கட்டும்.”

மாமா குனிந்த தலையோடு குறடைப் பையில் போட்டுக்கொண்டார். அம்மா என் கட்சியில் சேர்ந்துவிட்டாள் என்று எனக்கு ஒரே பெருமை. அன்று சாயங்காலமே அவர் கண்ணெதிரில் நாலு தடவை மிதித்தேன். அவளும் நாலு தடவை வந்தாள்.

அப்பா வரவில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கு இன்னும் ஒரே ஒரு தடவை அந்தப் பலகையை மிதிக்கவேண்டும் போலிருக்கிறது.

அடுப்படியிலிருந்து கதவுவரை பத்து அடி இருக்கும். மிதிப்பது நான்தான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தப் பத்தடி நடந்து முடிக்கும்வரை அப்பா வந்திருந்தார். அது எனக்கு அப்போது தெரியாது.