நாலு கிலோ

ஏழுமலை இறந்த செய்தியைச் சோரியாங்குப்பத்துக் கரும்பு வண்டிக்காரர் கொண்டுவந்தார். மாட்டை அவிழ்த்தபடியே சொன்னார்: "நம்ம ஏழுமலை பூட்டாரு சார். காலையில நெஞ்சு வலின்னாராம். தூக்க நாலு பேரு நின்னோம். ரெண்டு பேரே போதும் போல இருந்துச்சி." வருத்தத்தோடுதான் சொன்னார். ஏழுமலை கேட்டிருந்தால் இன்னும் வருந்தியிருப்பான்.

பாகூர் பக்கத்துக் கரும்பு எடைமேடையில் நானும் அவனும் ஒரே மேசையில் கரும்புச் சீட்டு எழுதியவர்கள். அந்த மேடையில் அவன் ஏறி நின்றால் முள் அசையாது. "என்னை இது ஆளாவே மதிக்கல, பாரு" என்பான்.

அவனுடைய தாய்மாமனுக்குக் கரிக்கலாம்பாக்கத்தில் மளிகைக் கடை. அவர் மகள் செல்வியை இவனுக்கென்று பேசி வைத்திருந்தார்கள். ஆனால் அறுவடை முடிந்தால் வேலையும் முடிந்துவிடுகிறவனுக்குப் பெண் தர மாமா தயாரில்லை. போலீஸில் சேர்ந்தால் கல்யாணம் என்றார். போலீஸ் கேட்டது ஐம்பது கிலோ. ஏழுமலை நாற்பத்தாறு. இரண்டு முறை தராசிலிருந்தே திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறைதான் கடைசி. பிறகு வயது தாண்டிவிடும்.

"நாலு கிலோடா. ஒரு பூசணிக்கா. அதுக்காவ அவள வுட்டுட சொல்றியா?" என்று என் சட்டையைப் பிடித்துக் கேட்டான்.

வில்லியனூர் மருந்துக் கடையில் சத்துப் பவுடர் டப்பா விற்கிறது என்று சொன்னவன் நான். இரண்டு கரண்டி பாலில் கலக்கச் சொல்லி எழுதியிருந்தது. அவன் ஆறு கரண்டி போட்டான். முதல் வாரம் உள்ளே போனதெல்லாம் கொல்லைப்புறத்துக்கே போயிற்று. கண் குழிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். கூடவே பச்சை முட்டை, சீப்புச் சீப்பாய் வாழைப்பழம். இரண்டாம் மாதம் நெல் மூட்டைத் தராசில் உட்கார்ந்தான். ஐம்பதரை. இறங்கி வந்து அழுதான்.

காலியான டப்பாக்களில் அவன் அம்மா துவரம்பருப்பும் புளியும் கொட்டி அடுப்படியில் வரிசையாக வைத்திருந்தார். எடை தேறிவிட்டது, இனி வேலை உறுதி என்று நம்பிக் கல்யாணத் தேதி பேச வந்த மாமா அதைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் அந்த டப்பா ஒரே வகை வீட்டுக்குத்தான் போகும்: இருமி இருமி ரத்தம் துப்புகிறவர் இருக்கும் வீட்டுக்கு. கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே மாமா எழுந்துவிட்டார்.

மறுநாள் எடைமேடைக்கு வந்து என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, நீ கூடவே கீற. அவன் உடம்புக்கு இன்னா?"

நான் எதற்கும் வேடிக்கையாகப் பதில் சொல்பவன் என்று பெயர் எடுத்திருந்தேன். "டப்பா டப்பாவா உள்ள போவுது மாமா, ஆளுதான் தேற மாட்டேங்கறான்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

செல்விக்கு வேறு இடம் பார்ப்பது தெரிந்ததும் ஏழுமலை புதுச்சேரிக்குப் போய், நெஞ்சில் நோயில்லை என்று காட்ட எக்ஸ்ரே எடுத்து, அதை மாமா கடைக்கே கொண்டுபோய் நீட்டினான். மாமா வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "எலும்பு எலும்பாத்தானடா தெரியுது" என்று திருப்பிக் கொடுத்தார்.

அதே வாரம் செல்விக்கு நிச்சயம் ஆனது. நான்கு நாள் ஏழுமலையால் ஒரு வாய் விழுங்க முடியவில்லை. ஐந்தாம் நாள் போலீஸ் தேர்வில் இந்த முறை ஓட்டம் முதலில், தராசு பிறகு. தராசில் நாற்பத்தெட்டு. "ஓட்டமெல்லாம் ஜெயிச்சேன்டா" என்று மட்டும் சொன்னான்.

அதன்பின் வேறு பெண்ணும் அமையவில்லை. டப்பா சங்கதி எல்லா ஊருக்கும் அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. இருபது வருடத்தில் அவன் இருமி நான் கேட்டதில்லை. மாரடைப்பில் போனவனை, "அந்தப் பழைய வியாதிதான்" என்று சாவு வீட்டில் பேசிக்கொண்டார்கள். நான் மறுத்தேன். என் சொல்லை நம்ப அங்கே ஒருவரும் இல்லை.

ஒருவன் நம்பியிருந்தான். செல்வியின் கல்யாணத்துக்கு மறுநாள், ஏழுமலை கரும்புச் சீட்டு எழுதிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டான்: "மாமா வந்தப்ப நீ இன்னாடா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"சரி" என்றான். அதற்குப் பிறகு கேட்கவேயில்லை. அவனிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தச் "சரி" ஒன்றுதான்.