பெரட்டுக்கு வராத ஆட்கள்

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். சுத்தப் பொய். திருடியவர் நிம்மதியாகத் தூங்கினார். நான்தான் கதவை இரண்டு முறை பூட்டினேன்.

லுக்குட் ஊருக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் கிராணி, கணக்கெழுதுபவள். வேலைக்கு முன் ஆள் எண்ணும் காலைப் பெரட்டில், கங்காணியான மண்டோர் பெயர் கூப்பிடுவார். வந்த ஆட்களை நான் செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் பதிவேன். ஒரு மாதம் பக்கத்துத் தோட்டத்துக்கும் சேர்த்து வேலை பார்த்தேன். மேனேஜர் அறைக்குப் போய்த் திரும்பிய இரண்டு செக்ரோலிலும் புதிதாகச் சில பெயர்கள், இரண்டிலும் அதே பெயர்கள். அப்படி யாரும் எந்தப் பெரட்டிலும் நின்றதில்லை. மற்றத் தோட்டத்துக் கிராணிகளிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். அங்கேயும் அதே பெயர்கள்தான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தன.

தலைமையகத்துக்கு மலாயில் மொட்டைக் கடிதம் எழுதினேன். கையெழுத்து தெரியாமலிருக்க இடது கையால் எழுதி, சிரம்பான் வரை போய்த் தபாலில் போட்டேன். அவ்வளவு கெட்டிக்காரி.

சில வாரம் கழித்து மேனேஜர் அதன் நகலை என் மேசைமேல் வைத்தார். தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி. எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் அதைப் போட்டுப் பழகியது வலது கை; இடது கைக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருக்கிறது.

“இது என்ன?” என்று மலாயில் கேட்டார்.

“தமிழர்கள் போடுவது,” என்றேன். பொய் ஒன்றும் வாயில் வரவில்லை.

ஆபீசில் தமிழர்கள் நானும் மண்டோரும்தான். மண்டோருக்கும் அவருக்கும் ஏற்கெனவே ஆகாது. எழுதியது மண்டோர்தான் என்று முடிவு கட்டி, ஒரு வாரத்தில் தோட்டத்து வீட்டைக் காலி செய்யும்படி மேனேஜர் அவரிடம் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் மண்டோர் என்னிடம் வந்தார். “எனக்கு மலாய் எழுத வராதுன்னு சொல்லிப் பாத்தேன். ஆள வச்சு எழுதுனியாங்கிறாரு. நீ வாயத் தொறக்காத லா, தங்கச்சி. பெரிய எடம்.”

அவருக்குத் தெரிந்திருந்தது. வெட்கம் பயத்தைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் மேனேஜர் அறைக்குப் போனேன். எழுதியது நான்தான், மண்டோரை விட்டுவிடுங்கள் என்றேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். உட்காரச் சொன்னார்.

“மண்டோர் இங்கேயே இருக்கட்டும்,” என்றார். பிறகு சாவகாசமாக, “ராசாவில் உன் மகளுக்குப் புதுப் பள்ளிக்கூடம் பிடித்திருக்கிறதா?” என்று கேட்டார்.

பயந்துபோய், முந்தின வாரம்தான் அவளை ராசாவில் என் அக்காள் வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். ஒருவரிடமும் சொல்லவில்லை.