மலையில் கொட்டிய தண்ணீர்

“தண்ணி பாத்தியா?”

பட்டறையை விட்டு எந்த லாரி கிளம்பினாலும் மெக்கானிக் இதைக் கேட்காமல் விடமாட்டார். டிரைவர் தலையாட்டினால் போதாது. கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து, அழுக்குத் துணியால் ரேடியேட்டர் மூடியைத் திருகி, ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு தானே உள்ளே பார்ப்பார். “தாகம் எடுத்தா இது வாயத் தொறந்து கேக்காதுடா. பாதி வழியில கால நீட்டிப் படுத்துக்கும்” என்பார்.

குட்டையான, கெட்டியான மனிதர். நகக்கண்ணில் இருக்கும் கிரீஸ் எந்தச் சோப்புக்கும் அசைந்ததில்லை. குழந்தை மனசு. அவரிடம் ஒரே ஒரு வீம்பு உண்டு: யாரிடமும் வழி கேட்கமாட்டார். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி முடிந்து பாத்திரம் கழுவுகிற நேரத்தில்தான் குடும்பத்தோடு போய் நிற்பார். “யார்கிட்டயாவது ஒரு வார்த்த கேளுங்களேன்” என்று மனைவி கெஞ்சினால், “சும்மா வா, நான் இருக்கேன்ல” என்பார். அந்த அம்மாவும் அந்த வார்த்தையை நம்பித்தான் இத்தனை காலம் குடித்தனம் நடத்தினாள்.

போன கோடையில் அவள் தம்பி லீவுக்கு வந்திருந்தான். துணிக்கடையில் நின்று வேலை பார்க்கிறவன். வெயில் படாத உடம்பு.

“மலை உச்சியில ஒரு சுனை இருக்கு மாப்ள. அந்தத் தண்ணியக் குடிச்சா ஊர்த் தண்ணி உப்புக் கரிக்கும். வா, காட்டுறேன்” என்று மெக்கானிக் அவனைக் கிளப்பினார். அவர் அங்கே போனது ஒரே தடவை. கல்யாணத்துக்கு முன்னால், நல்ல மழைக்காலத்தில்.

மனைவி பெரிய பாட்டில்கள் இரண்டை நிரப்பிப் பையில் வைத்தாள். அவர் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டார். போன் இரண்டும் அலமாரியில் சார்ஜில் கிடந்தன. “மலையில சிக்னலே இருக்காது, எதுக்கு அது?” என்றார். அடிவாரத்தில் வனக்காவலர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்: “இந்த வெயில்ல மேல போகாதீங்கண்ணே.”

“நான் இருக்கேன்ல தம்பி.”

பொழுது சாயும்போதும் இருவரும் இறங்கக் காணோம் என்று அந்த வனக்காவலர்தான் ஆள் திரட்டிக்கொண்டு ஏறினார். ஆண்டவன் அவர் மனசில் அந்தக் கவலையைப் போட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். சுனை இருந்த இடத்தில் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்ததாம். குறுக்கு வழியில் இறங்கலாம் என்று மெக்கானிக் கூட்டிப்போய், வழி தப்பி, செருப்பு வார் அறுந்து, பாறைச் சூட்டில் பாதம் வெந்து, கடைசியில் மச்சினனை ஒரு முள்மர நிழலில் கிடத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பிள்ளைக்கு வேர்வை நின்றுபோய், உடம்பு அடுப்பில் கிடந்த ஓடு மாதிரிச் சுட்டது. கடையில் இருக்கிற நினைப்பில், “என்ன கலர் வேணும்? என்ன கலர் வேணும்?” என்று பிதற்றிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மனைவி கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்தாள். திடீரென்று ஏதோ உறைத்தாற்போல் கண்ணைத் திறந்தாள்.

“நான் ரெண்டு பாட்டில் நிறைய தண்ணி வச்சேனே?”

அவர் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிந்திடுச்சா?”

“இல்ல. கொட்டிட்டேன்.”

“என்னது?”

“ஏத்தத்துல கனமா இருந்துச்சு. மேல சுனை இருக்கே, எதுக்குச் சுமக்கணும்னு... நானேதான் மூடியத் தொறந்து கொட்டினேன். அவன் வேணாம் மச்சான்னான்.”

வேற்று மனிதரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தாள். இரும்புக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று தினமும் எட்டிப் பார்க்கிற மனுஷன்! பாதியில் விட்ட பிரார்த்தனையை எங்கே விட்டோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

தம்பி பிழைத்தான். ஆனால் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இப்போது டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது.

மெக்கானிக் இன்றும் ரேடியேட்டருக்குள் எட்டிப் பார்க்கிறார். “நான் இருக்கேன்ல” என்பது மட்டும் அவர் வாயில் வருவதில்லை.

போன வாரம் தம்பி வந்தான். அக்கா தண்ணீர் கொடுத்தாள். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்தான்.

“போதும்க்கா. என் கோட்டா அவ்வளவுதான்” என்றவன், சிரித்துக்கொண்டே, “என்ன மச்சான், இப்பல்லாம் எனக்குப் பாட்டில் சுமக்கிற கஷ்டமே இல்ல பாத்தீங்களா?” என்றான்.

மெக்கானிக் சிரிக்கவில்லை. மீதித் தண்ணீரைக் கழுவுதொட்டியில் கொட்ட மனைவி டம்ளரைச் சாய்த்தாள். அவர் எழுந்து போய், கிரீஸ் படிந்த இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அதன் கீழே ஏந்தினார்.