தகரத்தில் இடித்த தலை

போன வாரம் மகள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். மும்பை சயானில் இருக்கிற இங்கிலீஷ் பள்ளிக்கூடம். டீச்சர் உள்ளே வந்ததும் எழுந்து நின்றேன். திரும்பிப் பார்த்தால் நான் ஒருவன்தான் நிற்கிறேன். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சின்னப் பெண் அந்த டீச்சர். அவரே பதறிப்போய், "பைட்டியே அங்கிள்" என்று இந்தியில் உட்காரச் சொன்னார். மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பப்பா, பைட்டோ நா. எல்லாரும் பாக்காங்க."

பார்க்கட்டும். டீச்சர் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

எனக்குக் கூச்சம் அதிகம். பஸ்ஸில் இறங்குகிற இடம் வந்தாலும் வழிவிடச் சொல்ல வாய் வராமல், அடுத்த ஸ்டாப் வரை போய் நடந்து திரும்புகிறவன். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் என்னை உட்கார வைக்க முடியாது.

டீச்சர் வெள்ளைப் பலகையில் ஏதோ எழுதினார். மார்க்கர் பேனாவின் வாடை வந்தது. அப்படியே தோல் பட்டறையில் நாங்கள் பூசின பசையின் வாடை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. தாராவியில் பர்ஸ் தைக்கிற பட்டறை. கீழே தோல் வெட்டுவார்கள். மாடியில் நாங்கள் மூன்று பேர் மிஷினில் தைப்போம். மாடி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரும்பு ஏணியில் ஏறிப்போனால் உட்காரலாம், குனிந்து நடக்கலாம், நிற்க முடியாது. தலைக்கு மேலே தகரம். மே மாதத்தில் அது தோசைக்கல். என் மிஷினை ஒட்டி ஒரு ஜன்னல். எட்டிப் பார்த்தால் சந்து.

தினமும் மத்தியானம் அந்தச் சந்து வழியாக ரஞ்சிதம் டீச்சர் போவார். முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை எனக்கு அவர்தான். பாண்டுப்பிலிருந்து ரயிலில் வந்து சயானில் இறங்கி நடப்பார். கையில் கறுப்புக் குடை. சந்தில் தண்ணீர் தேங்கினால் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்லுக்குக் கல் தாண்டுவார்.

குடை தெரிந்ததும் நான் எழுந்துவிடுவேன். டங்கென்று தகரத்தில் இடிக்கும். "ஏலே, மணி பன்னெண்டரை ஆயிட்டு" என்பான் பக்கத்து மிஷின் முருகேசன். உச்சந்தலையில் இன்றைக்கும் ஒரு மேடு உண்டு. கல்யாணமான புதிதில் மனைவி கேட்டாள், மாடு எதுவும் முட்டியதா என்று.

டீச்சருக்கு இது எதுவும் தெரியாது. அவர் மேலே பார்த்ததே இல்லை.

பள்ளிக்கூடத்தில் பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன் டீச்சர்" சொல்ல எனக்கு வாய் வராது. பிள்ளைகள் சிரிப்பார்கள். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே இரண்டு நாள் வருகைப் பதிவில் வராதவனாகிவிட்டேன். மூன்றாம் நாள் டீச்சர் பக்கத்தில் வந்து குனிந்தார். "வாய் வரலன்னா போவுது. எந்திச்சு நில்லு. வந்துட்டன்னு எழுதிக்கிடுதேன்." அதற்கப்புறம் நான் நிற்பேன், அவர் "ம், வந்தாச்சு. உக்காரு" என்பார். சிரிக்கப் போகிறவனை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

பட்டறை முதலாளி அண்ணாச்சி எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர். நான் எழுந்த வேகத்தில் ஒருநாள் தையல் கோணி, நல்ல பர்ஸ் ஒன்று வீணானது. ஏணியில் பாதி ஏறி நின்று கத்தினார்.

"அந்தம்மா உன்னைய என்ன டாக்டராவா ஆக்கி விட்டிச்சு? நாலாங்கிளாஸ் படிச்சிட்டு பர்ஸ் தைக்கே. டாக்டரானவன் வந்து நிக்கட்டும். நாளைக்கு எந்திச்சேன்னா அப்படியே எறங்கிப் போயிரு!"

அவர் போனதும் முருகேசன் சொன்னான். "உக்காந்துக்கிட்டே மனசுல கும்பிடுடே. யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்குத் தெரியுமே. தங்கச்சிக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். கையில் வேறு வேலையும் இல்லை. அதுவும் தெரியும்.

மறுநாள் அண்ணாச்சி ஏணிக்குக் கீழேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சந்தில் குடை தெரிந்தது. மிஷினை நிறுத்தினேன். நூலை அறுத்தேன். குனிந்தபடியே போய் ஏணியில் இறங்கி, அண்ணாச்சியைத் தாண்டி, சந்தில் போய் நின்றேன். முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து.

டீச்சர் நின்றார். எனக்கு வழக்கம்போலப் பேச்சு வரவில்லை. விரலெல்லாம் பசை, தலையெல்லாம் தோல் தூசி. மேலும் கீழும் பார்த்தார். பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது, மீசை வேறு.

"ம், வந்தாச்சு. உக்காரு."

சந்தில் எங்கே உட்கார? திரும்பினால் அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிறார். டீச்சரைப் பார்த்து எழுந்தாரா, என்னை அடிக்க எழுந்தாரா, இன்றுவரை தெரியாது. வேலை போனது மட்டும் நிச்சயம். இரண்டு சந்து தள்ளி வேறு பட்டறையில் சேர எனக்கு ஒரு மாதம் ஆனது. அந்த மாதத்துக்காக ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

அந்தச் சந்து முழுவதையும் இடித்துக் கட்டிடம் எழுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் குறைவென்று தமிழ்ப் பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்கள். ரிட்டயராகிப் போன டீச்சர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்துப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. நாங்கள் இப்போது ஏழாவது மாடியில் இருக்கிறோம். எத்தனை வேகமாக எழுந்தாலும் தலையில் எதுவும் இடிப்பதில்லை.

கூட்டம் முடிந்து வரும்போது மகள் கேட்டாள். "பப்பா, நெக்ஸ்ட் டைமும் நிப்பீங்களா?"

"நிப்பேன்."

நிற்பேன். "வந்தாச்சு" என்று சொல்லத்தான் ஆள் இல்லை.