ஒரிஜினலில் ஓட்டை

ஒன்பது வயதில் எனக்கு நோட்டுக்கு ஸ்பைரல் கோக்கத் தெரியும். வாய்ப்பாடு ஏழுக்கு மேல் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இரண்டாவதைத்தான் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள் என்பதால் என் திறமை வீட்டோடு நின்றுபோனது. வீட்டில் அதற்கு நல்ல மதிப்பு. அம்மா துளை போட்டு அடுக்கித் தரும் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் சுருளை முதல் துளையில் நுழைத்து, திருகித் திருகிக் கடைசித் துளை வரை ஓட்டிவிடுவேன். இரண்டு முனைகளையும் குறட்டால் வளைத்துவிடுவது மட்டும் அம்மாவின் வேலை.

அந்த பைண்டிங் மெஷின் மாமா கொண்டுவந்து கொடுத்தது. தென்காசியில் அவர் நடத்திய ஜெராக்ஸ் கடையை மூடியபோது மற்றதெல்லாம் விலைக்குப் போய்விட, இது மட்டும் மிஞ்சியது. தாளைச் செருகி, கைப்பிடியை இழுத்து அமுக்கினால் ஓரத்தில் வரிசையாகத் துளை விழும். ஒரு தடவைக்குப் பத்துத் தாளுக்கு மேல் வைத்தால் முரண்டு பிடிக்கும். சாரல் காலத்தில் தாள் நமத்துப்போயிருந்தால் ஐந்துக்கே முரண்டு பிடிக்கும். அதனால் அம்மா தாள்கட்டை ஃபிரிட்ஜின் முதுகுப்பக்கம், சூடு வரும் இடத்தில் வைத்திருப்பாள்.

முதலில் எங்களுக்கான நோட்டு மட்டும்தான் போட்டாள். முழுப் பரீட்சை முடிந்ததும் என் நோட்டிலும் பெரியப்பா பிள்ளைகளின் நோட்டிலும் எழுதாமல் கிடக்கும் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து ஒன்றாக்கிவிடுவாள். கோடு போட்ட தாள், கட்டம் போட்ட தாள், கையெழுத்துப் பயிற்சிக்கான நாலு கோட்டுத் தாள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வகுப்பில் அதைத் திறக்க எனக்கு வெட்கமாக இருக்கும்.

பிளானர் வந்தது அம்மா அரசு வேலைக்கான தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்த பிறகு. கடையில் வாங்கிய பிளானர் ஒன்றை மாமா கொடுத்தார். அதில் காலை ஐந்து மணிக்கு நடைப்பயிற்சி, ஆறு மணிக்குத் தியானம் என்று அச்சடித்திருந்தது. அம்மா அதை ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு எனக்குப் படம் வரையக் கொடுத்துவிட்டாள். பிறகு ஸ்கேல் வைத்துத் தானே ஒரு பக்கத்தில் கோடு போட்டாள். ஐந்திலிருந்து எட்டரை வரை ஒரே கட்டம், அதில் ‘அடுப்பு’ என்று எழுதினாள். எட்டரையிலிருந்து பத்து வரை வரலாறு. பதினொன்று வரை துணி. அதற்குப் பின் கணக்கு. இப்படி ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று நூறு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து பைண்ட் பண்ணி, நூறு நாளும் அதன்படி படித்தாள். அம்மா போய்க்கொண்டிருந்த கோச்சிங் வகுப்பின் மற்றப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். அச்சன்புதூரிலிருந்துகூட வந்து வாங்கிப்போனார்கள். சிலர் வரலாற்றைச் சாயங்காலத்துக்கு மாற்றித் தரச் சொன்னதுண்டு. அடுப்பை யாரும் மாற்றச் சொல்லவில்லை.

அப்பா உரக்கடை வைத்திருந்தார். அம்மா படிப்பதை அவர் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. விண்ணப்பம் போடப்போகிறேன் என்றபோது ‘போடு, பாப்போம்’ என்றார். எழுதி முடித்தபோது ‘ரிசல்ட் வரட்டும், பாப்போம்’ என்றார். ரிசல்ட் வந்தது, அம்மா பாஸ். ‘கூப்பிடட்டும், பாப்போம்’ என்றார். அவர்கள் கூப்பிட்டும்விட்டார்கள். சான்றிதழ் சரிபார்ப்புக்கு எல்லா ஒரிஜினல்களோடும் சென்னைக்கு வரவேண்டும். வேலை கிடைத்தால் எந்த மாவட்டத்தில் போடுவார்கள் என்று சொல்ல முடியாது. அப்பாவுக்கு இனி ‘பாப்போம்’ என்று தள்ளிப்போட எதுவும் மிச்சம் இல்லை. ரயில் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தார்.

அந்த நாட்களில் அம்மாவுக்கு ஒரே கவலைதான். பீரோவைத் திறப்பாள், மஞ்சள் பையிலிருந்து சான்றிதழ்களை எடுப்பாள், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டைப்ரைட்டிங் லோயர், ஹையர், டிகிரி, சாதிச் சான்றிதழ், டி.சி. என்று வாய்விட்டுச் சொல்லி ஒவ்வொன்றாகத் தொடுவாள். ‘ஒண்ணு தொலஞ்சாலும் போச்சு’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஒரு நாளில் இது நாலைந்து தடவை நடந்தது. காதில் அதையே வாங்கிக்கொண்டிருந்த எனக்கு, இந்தக் கவலையைத் தீர்க்க வழி தெரிந்தது. தாள் தொலையாமல் இருக்க என்ன செய்யவேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் எவ்வளவோ அனுபவம் இருந்ததே.

சனிக்கிழமை சாரல் விடாமல் அடித்தது. நமத்திருந்த சான்றிதழ்களைக் காலையிலேயே கட்டிலில் பரப்பி, ஃபேனைப் போட்டிருந்த அம்மா மத்தியானம் புறப்பட்டாள். “ஏட்டி, கதவச் சாத்திக்கோ. இந்த ஜெராக்ஸ்ல ஆபீசர் கையெழுத்து வாங்கிட்டு அரை மணி நேரத்துல வந்துருதேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அரை மணி நேரம் எனக்குத் தாராளம். ஃபேன் காற்றில் காய்ந்திருந்த எல்லாவற்றையும் அடுக்கி, இடதுபக்க விளிம்பு ஒன்றுபோல் வர மேஜையில் தட்டினேன். சாதிச் சான்றிதழ் மட்டும் மற்றவற்றைவிடக் குட்டை, அதை நடுவில் வைத்தேன். ஸ்டூலில் ஏறி நின்று, நெஞ்சைக் கொடுத்துக் கைப்பிடியை அமுக்கினேன். சரக்கென்று ஒரே அமுக்கில் விழுந்தது. முன்னாலும் பின்னாலும் ரோஜாப்பூ போட்ட கெட்டி அட்டை வைத்து, நீல ஸ்பைரல் கோத்தேன். குறட்டால் முனை வளைப்பதையும் அன்று நானே செய்தேன், முதல் தடவையாக. அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் ‘அம்மா சர்ட்டிபிகேட் நோட்டு’ என்று எழுதி, கட்டிலின் நடுவில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அம்மா வந்தாள். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து, கட்டிலைப் பார்த்துவிட்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் ஏதோ தப்பு பண்ணிவிட்டேன் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எது தப்பு என்பது மட்டும் புரியவில்லை. அவள் என்னை ஒரு அடிகூட அடிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, துளை விழுந்த ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். பிறகு முனையை நிமிர்த்திச் சுருளை உருவி எடுத்தாள்.

“எழுத்துல எங்கனயும் படல” என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பக்கத்தில் இழுத்து, “இத யாருட்டயும் சொல்லாண்டாம், என்ன? அப்பாட்டயும் சொல்லாண்டாம். நான் போயிட்டு வந்துருதேன்” என்றாள்.

நான் ஒரு நாள் முழுக்கச் சொல்லாமல் இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. சென்னையில் யாரோ ஒருவர் ஓட்டையைப் பார்த்து அம்மாவைத் திட்டுவதுபோல் திரும்பத் திரும்பத் தோன்றியது. மிக்ஸி நின்றுபோனாலும் சைக்கிள் பெடல் கழன்றாலும் சரிபண்ணுவது அப்பாதான். ஓட்டையையும் ஏதாவது செய்து அடைத்துவிடுவார் என்று நம்பி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஒரு டம்ளர் உடைந்தாலே தெருக்கோடி வரை கேட்கும் குரல் அவருடையது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றேன். குரல் எழவில்லை. “எங்கனட்டி இருக்கு? எடுத்துட்டு வா” என்றார். கொண்டுவந்து கொடுத்ததும் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு பெரியப்பாவுக்கு போன் போட்டார்.

பெரியப்பா போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் குடும்பத்தில் அரசாங்க முத்திரை குத்திய எதுவும் அவர் இலாகா. வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டிகிரி சான்றிதழை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “ஒரிஜினல்ல ஓட்டை விழுந்துட்டா அது செல்லாது. சர்வீஸ்ல நான் எத்தன பாத்துருக்கேன்” என்று தீர்ப்பு சொன்னார்.

“எழுத்து ஒண்ணும் போகல. நான் ஒரு தடவ போயிக் காட்டிருதேன். செல்லாதுன்னு சொன்னா திரும்பி வந்துருதேன்” என்றாள் அம்மா.

“அங்கன அத்தன பேரு முன்னால இத நீட்டிட்டு நிக்கணுமா? வேண்டாம்மா. டூப்ளிகேட்டுக்கு எழுதிப்போடுவோம். அடுத்த தடவ பாத்துக்கிடலாம்” என்றார் பெரியப்பா.

“அண்ணன் சொல்லுததும் சரிதான். வீணா எதுக்கு அலைச்சல்?” என்றார் அப்பா.

அம்மா மறுபடியும் அதையேதான் சொன்னாள், எழுத்து போகவில்லை என்று. பெரியப்பாவும் மறுபடி செல்லாது என்றேதான் சொன்னார். கதவோரம் நின்றிருந்த எனக்கு அழுகை பீறிட்டு வந்தது. நான்தான் பண்ணினேன், நான்தான் பண்ணினேன் என்று விக்கி விக்கி அழுதேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்ததாக எனக்கு ஞாபகம். எழுந்துவந்து முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, “பிள்ளைய யாரும் ஒண்ணும் சொல்லாண்டாம். நான் போகல” என்றாள். என்னை அதுவரை யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

டிக்கெட்டை அப்பா ரத்து செய்தார். டூப்ளிகேட்டுக்கு யாரும் எழுதிப்போடவில்லை. அடுத்த தேர்வு வந்தபோது தம்பி பிறந்து கைக்குழந்தையாக இருந்தான். அம்மா பிளானர் போடுவதை மட்டும் விடவில்லை. மெஷின் பக்கமே போகமாட்டேன் என்றிருந்த என் மடியில் தாள்களைக் கொண்டுவந்து வைத்து, “கோத்துத் தாட்டி, எனக்குக் கை வலிக்கி” என்பாள். வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போகும் பெண்கள் இனிப்போடு வந்து அவளிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அப்போதெல்லாம் நான் பின்கட்டுக்குப் போய்விடுவேன். அம்மாவின் வேலையை நான் ஒரே அமுக்கில் ஒழித்துவிட்டேன் என்பதுதான் என் சிறுவயது முழுக்க எனக்குத் தெரிந்த ஒரே பெரிய உண்மை.

போன வருஷம் என் சான்றிதழ் சரிபார்ப்புக்கு நான் சென்னைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் ஒரிஜினல்கள் எல்லாவற்றிலும் ஃபைலில் கோப்பதற்காகத் துளை போட்டிருந்தது. ஒன்று கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. சரிபார்த்தவர் பெயரைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். என் முறை வந்தபோது கேட்காமல் இருக்க முடியவில்லை. “சார், ஒரிஜினல்ல ஓட்டை இருந்தா பரவாயில்லையா?” அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எழுத்து தெரியுதில்ல? அப்புறம் என்ன?” என்றார்.

வெளியே வந்து ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். அப்பாமேல் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக, அழுதுகொண்டு நின்ற அந்த ஒன்பது வயதுப் பெண்மேல் வந்தது. அம்மா போன் பண்ணி எல்லாம் சரியாக இருந்ததா என்று கேட்டாள். இருந்தது என்று மட்டும் சொன்னேன்.

எனக்கு ஒன்பது வயதில், அந்தச் சென்னை ரயில் அம்மா இல்லாமல் புறப்பட்டுப்போன அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை, அப்பா எங்களை ஐந்தருவிக்கு அழைத்துப்போனார். சீசன் கூட்டத்தில் கால் வைக்க முடியாது, சளி பிடிக்கும் என்று வருஷாவருஷம் தட்டிக்கழிப்பவர் அன்று அவராகவே பைக்கை எடுத்தார். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் அருவி ஓரத்தில் நனைத்தார். அம்மா தலைவலி என்று குளிக்கவில்லை. எங்கள் மாற்றுத்துணிகளை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். திரும்பும்போது அப்பா விலைகூடக் கேட்காமல் ஒரு பை நிறைய ரம்புட்டான் பழம் வாங்கி என் கையில் கொடுத்து, ஈரத்தலையைத் தடவிவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவ்வளவு பெரிய தப்பைச் செய்தவளை ஒருவர் இவ்வளவு சீக்கிரம் மன்னிப்பாரா என்று ஆச்சரியமாக இருந்தது.

ஒரு பழத்தை உரித்து அம்மாவிடம் ஓடிப்போய் நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

“நீ தின்னுட்டி. உனக்குத்தான வாங்கித் தந்திருக்காவ” என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. பை காலியாகும் வரை ஒன்று விடாமல் நானே தின்றேன்.