வேன்கார அக்காவின் கல்லீரல்

பத்தொன்பது வருடமாகப் பள்ளி வேன் ஓட்டும் அக்காவை ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தலைமையாசிரியை தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

“மனசுல எதுவும் வச்சுக்காதீங்க அக்கா. நீங்க... குடிப்பீங்களா?”

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வயது ஐம்பத்தாறு. மாதவிலக்கு நின்று ஐந்து வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு, சாப்பாடு கூடாமலே இடுப்பு பெருத்துக்கொண்டு வந்தது. வயிற்று வலி என்று டாக்டரம்மாவிடம் போனதில் ஸ்கேன் எடுத்து, கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாகச் சொன்னார்கள். அந்த ஸ்கேன் காகிதத்தை வேனில் ஸ்டீயரிங் பக்கம் செருகியிருந்தார். மகளை ஏற்றிவிட வந்த ஒரு தாய் அதைப் பார்த்துவிட்டாள். மறுநாளே மகளை வேறு வண்டிக்கு மாற்றினாள். கல்லீரல் என்றால் குடிதான் என்று பேச்சு பரவியது.

“ஒரு சொட்டு வாயில பட்டதில்ல மேடம். தினமும் காலையில ஊதச் சொல்லுங்க, ஊதுறேன். பிள்ளைங்க முன்னாடி மட்டும் வேணாம்.”

டாக்டரின் கடிதம் வரும்வரை வண்டி எடுக்க வேண்டாம் என்றார் தலைமையாசிரியை. அக்கா சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

டாக்டரம்மா உடனே எழுதிக் கொடுத்தார். “குடிக்காதவங்களுக்கும் இது வரும். மாதவிலக்கு நின்ன பிறகு பெண்களுக்கு இன்னும் சுலபமா வருது. சரி, நடக்கச் சொன்னேனே, நடந்தீங்களா?”

“விடியக்காலையில நடந்தாத்தான் பலன்னு எல்லாரும் சொன்னாங்க. அஞ்சரைக்கு வண்டி எடுக்கணுமேன்னு நாலு மணிக்கே எழுந்து நடந்தேன். மூணாம் நாள் சிக்னல்ல கண்ணு சொக்கிடுச்சு. உள்ள பதினாலு பிள்ளைங்க. அதோட விட்டுட்டேன்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “விட்டதே நல்லது. காலையா சாயங்காலமா, எது ஒசத்தின்னு இன்னும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க. எந்த நேரம் உங்களால விடாம முடியுமோ, அதான் உங்க நேரம்.”

சாவி திரும்பக் கிடைத்தது. அந்தத் தாய் மட்டும் மகளைத் திரும்ப அனுப்பவில்லை. மற்றப் பெற்றோரும் சில வாரம் அக்காவின் முகத்தருகே வந்து பேசினார்கள். எதற்கென்று அவருக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டார்.

தினமும் சாயங்காலம் கடைசிக் குழந்தையை இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தியதும், பள்ளி மைதானத்தைச் சுற்றி நாற்பது நிமிடம் நடந்தார். கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கணவர் முதலில் கேலி செய்தார். மூன்றாவது வாரம் அவரே பின்னால் மூச்சிரைக்க வந்தார்.

“மெதுவா போடி! எனக்கென்ன கால்ல சக்கரமா மாட்டியிருக்கு?”

ஆறு மாதம் கழித்து மறுபடியும் ஸ்கேன். எடுத்த பெண்ணின் புருவம் சுருங்கும்போதெல்லாம் அக்கா தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தார். வெளியே பெஞ்சில் முக்கால் மணி நேரம் நெருப்பின்மேல் உட்கார்ந்திருந்ததுபோல் இருந்தது.

டாக்டரம்மா காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“கொழுப்பு குறைஞ்சிருக்கு. முழுசாப் போகல. நடையை நிறுத்திடாதீங்க.”

வெளியே வந்து கணவருக்குப் போன் செய்தார். கொழுப்பு குறைந்திருப்பதைச் சொன்னார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“சளி பிடிச்சிருக்கு,” என்றார் கணவர்.